கண்ணிக்குள் கண்ணி

பருத்தி நூலால் நெய்த வேட்டி ஒன்றையும் அதே பருத்தி நூலால் ஆகிய பனியன் ஒன்றையும் எடுத்து, இரண்டையும் அகலவாட்டில் இரு கைகளாலும் இழுத்துப் பார்ப்பவர், பஞ்சு ஒன்றாயிருந்தும் குணம் வேறாயிருப்பதை உடனே உணர்வார். வேட்டி விறைத்து நின்று கைக்கு இடங்கொடாது. பனியனோ தாராளமாக விரிந்து, விட்டவுடன் ஏறத்தாழப் பழைய நிலைக்கே மீளும். ஆகவே இவ்வேற்றுமைக்குக் காரணம் நூலில் இல்லை, நூல் சென்ற வழியில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு நாம் வரவேண்டியவர்களாகிறோம். ஊசியும் நூலும் வாங்கி நிட்டிங்கோ குரோஷாவோ பழக விரும்பும் ஒருவர் முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வழியையே என்பது என் உறுதியான அபிப்பிராயம். கை அசைவுகளை மட்டும் மனப்பாடம் செய்து தொடங்குகிறவர், ஒரு கண்ணி நழுவியவுடன் திகைத்து, செய்ததையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். நூல் எங்கிருந்து வந்து, எதனுள் நுழைந்து, எங்கே போகிறது என்பதைக் கண்ணால் வாசிக்கக் கற்றவரோ, தவறு நேர்ந்த இடத்தைத் தாமே கண்டுபிடித்துச் செப்பனிட்டுக்கொண்டு மேலே செல்கிறார்.

நெசவுத் துணியில் நூல்கள் பல. தறியில் நீளவாட்டில் பூட்டிய பாவு நூல்களுக்கு மேலும் கீழுமாக ஊடை நூல் புகுந்து செல்ல, ஒவ்வொரு நூலும் ஏறக்குறைய நேர்கோடாகவே கிடக்கிறது. நேராகக் கிடக்கும் நூலை இழுத்தால் நீள்வதற்கு அதனிடம் மிச்சம் ஒன்றுமில்லை. பின்னல் துணியிலோ, நீண்ட ஒரே நூல் வளைந்து கண்ணியாகி, முந்திய வரிசையில் தனக்கு நேர் கீழே உள்ள கண்ணியின் வழியே வெளிவந்து, அடுத்த வரிசையில் தன் வழியே இன்னொரு கண்ணி வருவதற்கு இடந்தந்து நிற்கிறது. இத்துணியை இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. கண்ணிகளின் வடிவமே மாறுகிறது. நெட்டையாக நின்ற கண்ணி குட்டையாகிப் பக்கவாட்டில் அகலுகிறது. ஒரு கண்ணியில் இருந்த நூலிற் சிறிது நழுவி அண்டைக் கண்ணிக்குப் போய்ச் சேருகிறது. இழுப்பு நின்றதும், வளைக்கப்பட்ட நூல் தன் வளைவைத் தணித்துக்கொள்ள முயல்வதால் துணி சுருங்கிப் பழைய அளவை நாடுகிறது. சாமுவேல் பொயின்க்ளூ, மொக்தார் அத்தா-பெதியா, பிரெடெரிக் லெஷெனோ என்னும் பௌதிக அறிஞர் மூவர், நூலை வளைக்கச் செலவாகும் சக்தி, நூலின் மொத்த நீளம் மாறாமை, கண்ணிகளின் பிணைப்பு அறாமை ஆகிய மூன்றை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு, பின்னல் துணியின் நெகிழ்ச்சியைக் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். எவ்வளவோ சிக்கலாகத் தோன்றும் ஒரு துணியின் சுபாவம் இவ்வளவு சொற்பமான விதிகளில் அடங்கிவிடுவது வியப்பளிக்கிறது.

இந்த அமைப்பிலிருந்து, புதிதாகப் பழகுவோருக்குப் பெரிய தைரியந் தரும் உண்மை ஒன்று பிறக்கிறது. அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலைச் சரியான முனையிற் பிடித்து இழுத்தால், முழுத் தையலும் சரசரவென்று அவிழ்ந்து வருவதை எல்லோரும் கண்டிருக்கிறோம், பின்னலும் அத்தகையதே. கடைசிக் கண்ணி பூட்டப்படாதவரையில், ஒரு ஸ்வெட்டர் முழுவதும் உண்மையில் முடிச்சே இல்லாத ஒரு நூல்தான். நுனியை இழுத்தால் அத்தனையும் பிரிந்து மறுபடி உருண்டையாகச் சுற்றிக்கொள்ளலாம். தச்சரும் தையற்காரரும் தவறாக வெட்டிய வஸ்து தவறாக வெட்டியதேயாம்; பின்னுகிறவருக்கு அந்தப் பயம் இல்லை.

இனி, நிட்டிங்குக்கும் குரோஷாவுக்கும் உள்ள பேதத்தைச் சொல்லவேண்டும். நிட்டிங்கில், நீண்ட ஊசியின்மேல் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் திறந்தபடியே காத்திருக்கின்றன. மற்றோர் ஊசியால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் புதுக் கண்ணி இழுத்து, பழையதைக் கீழே நழுவ விடுகிறோம். குரோஷாவில், நுனியில் கொக்கியுள்ள ஒரே ஊசி போதும். ஒரு கண்ணியை முற்றிலும் முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்குவதால், எந்தச் சமயத்திலும் ஊசியில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். நிட்டிங்கில் ஊசி உருவிக்கொண்டால் ஒரு வரிசையே ஆபத்துக்குள்ளாகும்; குரோஷாவில் அந்த ஒரு கண்ணிக்கு மட்டுமே ஆபத்து. இதற்கு ஈடாகக் குரோஷா கூடுதலான நூலைக் கேட்கிறது. துணியும் சற்றுத் தடிப்பாகி, நெகிழ்ச்சி குன்றுகிறது. உடலோடு ஒட்டி விரிந்து சுருங்கவேண்டிய காலுறைக்கும் ஸ்வெட்டருக்கும் நிட்டிங். வடிவம் குலையாமல் நிற்கவேண்டிய பைக்கும், மேசை விரிப்புக்கும், பொம்மைக்கும் குரோஷா என்று பொதுவாகக் கொள்ளலாம்.

எகிப்து தேசத்து ஆக்ஸிரிங்கஸில் அகப்பட்ட, கட்டைவிரலுக்குத் தனிப் பிரிவுள்ள பழைய கம்பளிக் காலுறைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றன. கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்த அவை நிட்டிங்போலவே தோன்றினாலும், துளையுள்ள ஒற்றை ஊசியில் துண்டு துண்டான நூலைக் கோத்துக் கண்ணியிட்ட வேறொரு பழைய முறையிற் செய்யப்பட்டவை. உண்மையான நிட்டிங் துணுக்குகள், அவுரி நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில், அதே எகிப்தில் அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே காணப்படுகின்றன. இந்தக் கைத்தொழிலை இயந்திரத்துக்கு மாற்றியவர், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பிரதேசத்துக் கால்வர்டன் என்னும் கிராமத்தோடு தொடர்புடைய வில்லியம் லீ என்ற பாதிரியார். 1589இல் அவர் அமைத்த சட்டம், கைவிரல்கள் ஒவ்வொன்றாகச் செய்த கண்ணிகளை ஒரு வரிசை முழுவதுக்கும் ஏககாலத்தில் செய்தது. கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் ஜீவனம் போய்விடுமென்று எலிசபெத் மகாராணி அதற்கு உரிமைச் சாசனம் அளிக்க மறுத்ததாகச் சரித்திரம் கூறுகிறது. லீ பிரான்சுக்குச் சென்று நான்காம் ஹென்றி மன்னரின் ஆதரவைப் பெற்றார். 1610இல் அம்மன்னர் கொலையுண்டதும் அந்த ஆதரவும் போயிற்று. பாரிஸ் நகரிலேயே அவர் காலமானார். அவருடைய சகோதரர் சட்டங்களுடன் இங்கிலாந்துக்குத் திரும்பிய பின்னரே அத்தொழில் அங்கு வேரூன்றியது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்ஸெண்ட், கொக்கியின் வாயைத் தானே திறந்து மூடும் சிறு நாக்குள்ள ஊசியைக் கண்டுபிடித்தார். கண்ணி கொக்கிக்குள் இருக்கையில் நாக்கு திறந்து, புது நூலைப் பிடித்தவுடன் மூடிக்கொண்டு, பழைய கண்ணியைத் தன்மேல் வழுக்கிச் செல்ல விடுகிறது. இன்று திருப்பூரில் வட்ட வட்டமாகச் சுழன்று பனியன் துணியைக் குழாயாகப் பொழிந்துகொண்டிருக்கும் இயந்திரங்களில் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் நிற்பவை இந்த நாக்கூசிகளே. கையில் இரண்டு ஊசிகளுடன் அமரும் ஒருவர் செய்யப்போகும் கண்ணியும் அந்த இயந்திரங்கள் செய்யும் கண்ணியும் ஒன்றே. பனியனின் முகப்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், சிறு சிறு ஆங்கில வீ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பது தெரியும். அதுவே நிட்டிங் பாடத்தின் முதல் ஏடு என்பேன்.

குரோஷாவின் கதை வேறு. ஐரோப்பாவில் அது 19ஆம் நூற்றாண்டில் பரவியது. 1845இல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து கொடும் பஞ்சம் வந்தபோது, கொக்கியூசியால் லேஸ் பின்னி விற்ற கூலி பல குடும்பங்களைக் காத்தது. அதே நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன்களின் வழியாக லேஸ் வேலை நம் அண்டைப் பிரதேசமாகிய கோதாவரிக் கழிமுகத்துக்கும் வந்து, நரசாபுரத்தைச் சுற்றிய கிராமங்களிற் பரவியது. நரசாபுரம் குரோஷா லேஸ் 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. அங்குள்ள பெண்களின் உழைப்பை நேரில் ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியலார் மரியா மீஸ், 1982இல் வெளியான தம் நூலில், உலகச் சந்தைக்குப் பொருள் செய்துகொடுத்த அவர்கள், வீட்டில் சும்மா இருப்பவர்கள் ஓய்வுநேரத்தில் செய்யும் காரியமென்று மதிக்கப்பட்டு, அற்பக் கூலியே பெற்றதை எடுத்துக்காட்டினார். நிட்டிங்கை இயந்திரம் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பழகிக்கொண்டது. குரோஷாவைச் செய்யும் இயந்திரமோ தொழிற்சாலை வழக்கில் இன்றளவும் வரவில்லை. ஒரு கண்ணியை முற்றிலும் முடித்து, துணியின் எந்த இடத்திலும் கொக்கியை நுழைத்து அடுத்ததைத் தொடங்கும் சுதந்திரமே அதற்குக் காரணம். ஆகவே கடையில் சொற்ப விலைக்குத் தொங்கும் உண்மையான குரோஷாப் பை ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவருடைய விரல்கள் இருக்கின்றன. இக்கலையைத் தாமே கற்றுக்கொண்டவர் அந்த விலையைப் பார்த்து நிச்சயமாக வருந்துவார்.

எதை முதலிற் பழகுவது என்று கேட்பவர்களுக்கு, குரோஷாவில் தொடங்குக என்றே நான் சொல்வேன். ஒரு கையில் ஊசியும் மறுகையில் நூலுமாக வேலை பிரிந்திருப்பதும், காத்துநிற்கும் கண்ணிகள் இல்லாமையால் மனத்துக்குக் கலவரம் குறைவதும், சில மணி நேரத்திலேயே உருப்படியாக ஒரு சதுரம் கைக்கு வருவதும் புதியவருக்கு ஊக்கந்தரும். கொக்கியைக் கையாளத் தெரிந்தவருக்குப் பின்னர் நிட்டிங்கில் நழுவிய கண்ணியைத் தூக்கிக் கட்டுவதும் எளிதாகிவிடும்.

நூலைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். புதியவர்கள் படும் கஷ்டத்திற் பாதி தவறான நூலால் வருவது. ஆட்டு ரோமம் இயற்கையிலேயே சுருள் உடையது. இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும். தன் எடையிற் சுமார் 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சியும் கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. கண்ணிகள் சிறிது பெரிதும் சிறிதுமாக அமைந்தாலும், கம்பளி நூல் தன் நெகிழ்ச்சியால் அக்குறையை மறைத்துக்கொள்ளும். பருத்தி அப்படியன்று, அது செல்லுலோஸ் ஆகையால் மீள்சக்தி குறைவு, பின்னுகிறவரின் ஒவ்வொரு தயக்கத்தையும் அப்படியே வெளிக்காட்டும். ஆயினும் நம் ஊர் வெப்பத்துக்கும் வியர்வைக்கும் பருத்தியே ஏற்றது. நம் கடைகளில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது அக்ரிலிக் நூல். 1950இல் அமெரிக்க டூபாண்ட் நிறுவனம் ஆர்லான் என்ற பெயரில் சந்தைக்குக் கொணர்ந்த செயற்கை இழையின் வழித்தோன்றல் அது. மலிவும் மென்மையும் கருதி அப்பியாசத்துக்கு அதனை உபயோகிப்பதில் பிழையில்லை. ஆனால் எந்த நூலானாலும் வெளிர்நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணிகளின் கால் எது, தலை எது என்று கண்ணுக்குத் தெரியாது. பூப்போல் சிலிர்த்த ரோமமுள்ள ஆடம்பர நூல்களையும், மெர்சரைஸ் செய்த மெல்லிய பளபளப்பு லேஸ் நூலையும் முதலிலேயே வாங்கவேண்டாம். முறுக்கு நன்றாக ஏறிய, பல புரி சேர்த்த, நடுத்தரக் கனமுள்ள நூலே உத்தமம். புரி தளர்ந்த நூலில் ஊசிமுனை கண்ணிக்குள் நுழைவதற்குப் பதிலாக நூலையே பிளந்துகொண்டு போகும்.

அத்தகைய நூலுக்கு நிட்டிங் ஊசி 4 மில்லிமீட்டரும் குரோஷா ஊசி 4 அல்லது 5 மில்லிமீட்டரும் பொருந்தும். நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் பழைய பிரிட்டிஷ் எண்களில், எண் ஏற ஏற நிட்டிங் ஊசி மெலியும். 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்க எண்களோ இதற்கு நேர்மாறாக, எண் ஏறத் தடிக்கும். அவர்களுடைய 8ஆம் எண் 5 மில்லிமீட்டர். ஆகையால் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குக. அலுமினிய ஊசியில் கண்ணிகள் வழுக்கி ஓடும். மூங்கில் ஊசியில் உராய்வு மிகுதியாதலால் அவை வைத்த இடத்தில் நிற்கும். புதியவருக்கு மூங்கிலே சௌகரியம்.

நூலை எப்படிப் பிடிப்பது என்பதில் ஒரு பௌதிக விதி மறைந்திருக்கிறது. பழகியவர்கள் நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற விரல்களுக்கு மேலும் கீழுமாக ஓடவிடுவார்கள். துறைமுகத்தில் பெரிய கப்பலைக் கயிற்றால் தூணிற் சுற்றி ஒரே மனிதர் நிறுத்திவிடுவதற்கு எந்த விதி காரணமோ, அதே விதி இங்கும் வேலை செய்கிறது. ஒரு பொருளின்மேல் சுற்றிய கயிற்றின் இழுவிசை, சுற்றிய கோணத்துக்கேற்பக் கூட்டல் முறையிலன்றிப் பெருக்கல் முறையில் மாறும் என்பதைக் கணிதமேதை ஆய்லர் நிறுவினார். உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்று இழுவிசையைச் சுமார் ஆறரை மடங்காக்கும். இரண்டு சுற்றுகள் நாற்பது மடங்குக்கு மேலாக்கும். ஆகவே கண்ணிகள் தளர்ந்தால் விரல்களை இறுக்கி வலி உண்டாக்கிக்கொள்ளவேண்டாம். இன்னும் அரைச்சுற்றுச் சுற்றினால் போதும். கண்ணிகள் இறுகிப்போய் ஊசி நுழையாவிட்டால் சுற்றைக் குறைக்கலாம். புதியவர்கள் கைவலி என்று விட்டுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பலத்தால் செய்வதைச் சுற்றால் செய்யாமையே.

நிட்டிங்கில் கண்ணி ஒன்றுதான்; அதைப் பார்க்கும் புறங்கள் இரண்டு. பின்புறமிருந்து முன்புறம் இழுத்தால் நிட் என்கிறோம். முன்புறமிருந்து பின்புறம் இழுத்தால் பர்ல் என்கிறோம். முகப்பில் வீ வடிவாகத் தெரியும் அதே கண்ணி மறுபுறத்தில் சிறு புடைப்பாகத் தெரியும். எல்லா வரிசைகளையும் நிட்டாகவே போட்டு, வரிசைதோறும் துணியைத் திருப்பினால், வீயும் புடைப்பும் மாறிமாறி வந்து, துணி தட்டையாகக் கிடக்கும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போட்டால், முகப்பு முழுவதும் வீயாக, பனியன் துணிபோல் வழவழப்பாக வரும். ஆனால் அது தட்டையாகக் கிடக்க மறுத்து, மேலோரமும் கீழோரமும் முன்புறமாகவும், பக்கவோரங்கள் பின்புறமாகவும் சுருண்டுகொள்ளும். தம் கை சரியில்லை என்று இதைக் கண்டு மனம் தளர்வோர் பலர். குற்றம் அவர்களுடையதன்று. எல்லாக் கண்ணிகளும் ஒரே திசையில் இழுக்கப்பட்டிருப்பதால், வளைந்த நூல் நிமிர முயலும் விசைகள் துணியின் இரு புறங்களிலும் சமமாக இல்லை. ஓரத்தில் தடுப்பார் இல்லாதபோது அவை துணியைச் சுருட்டுகின்றன. நிட்டும் பர்லும் சமமாகக் கலந்த துணியில் இவ்விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று பத்தி பத்தியாக நிறுத்தினால், பர்ல் பத்திகள் உள்ளே மடங்கி ஒளிந்துகொள்ள, துணி அகலத்திற் சுருங்கி, இழுத்தால் அபாரமாக விரியும். ஸ்வெட்டரின் மணிக்கட்டிலும் இடுப்பிலும் இதைப் போடுவதன் நியாயம் இதுதான்.

ஊசிமேல் அமர்ந்த கண்ணிக்கு இரண்டு கால்கள் உண்டு. வலக்கால் ஊசிக்கு முன்னால் நிற்கவேண்டும். பின்னால் நிற்கும் காலில் ஊசியை நுழைத்தால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். நிட் போடும்போது நூல் தவறி முன்புறம் நின்றுவிட்டால், அது ஊசியின்மேல் ஏறி ஒரு பொய்க் கண்ணியாகி, துணியில் ஓட்டையும் எண்ணிக்கையில் ஒன்று மிகுதியும் உண்டாக்கும். வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்குமேல் இழுத்துவிட்டால், முதற் கண்ணியின் இரு கால்களும் இரண்டு கண்ணிகளாகத் தோன்றி ஏமாற்றும். ஆகவே வரிசைதோறும் எண்ணிவிடுவது நலம். கண்ணி ஒன்று நழுவி இறங்கிவிட்டால், அதன் மேலே குறுக்கு நூல்கள் ஏணிப்படிகளாக நிற்பதைக் காணலாம். குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் முன்புறமிருந்து நுழைத்து, அடியிலுள்ள படியைக் கொக்கியிற் பிடித்துக் கண்ணியின் வழியே இழுத்தால் அது ஒரு வரிசை ஏறிவிடும். இவ்வாறு மேல்வரிசை வரையில் ஏற்றி, மறுபடி ஊசியில் அமர்த்தவேண்டியதுதான்.

குரோஷாவில் நேரும் பிழை பெரும்பாலும் ஓரத்தைப் பற்றியது. சதுரமாகத் தொடங்கிய வேலை முக்கோணமாகிக்கொண்டே போனால், வரிசையின் கடைசிக் கண்ணி விடுபட்டுவருகிறது என்று அறிக. அந்தக் கண்ணியில் வேறு நிறத்துத் துண்டு நூல் ஒன்றை அடையாளமாகக் கோத்து வைத்தால் இது தீரும். செய்முறைக் குறிப்புகளைப் படித்துப் பின்னுவோர் மற்றொன்றும் கவனிக்கவேண்டும்: அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதையே ஆங்கிலேயர் டபுள் குரோஷே என்கிறார்கள், எந்த நாட்டுக் குறிப்பு என்று அறியாமற் பின்னினால் அளவெல்லாம் மாறிப்போகும்.

அளவு என்னும்போது மாதிரித் துண்டின் அவசியத்தைச் சொல்லாமலிருக்க முடியாது. 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று குறிப்பு கூறுகிறது. நம் கை சற்று இறுக்கமாகி 22 கண்ணி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் 200 கண்ணியில் 100 சென்டிமீட்டர் சுற்றளவு வரவேண்டிய ஸ்வெட்டர் 91 சென்டிமீட்டரில் நின்றுவிடும். உடுத்த வேண்டியவருக்கு அது நுழையாது. ஆதலால் அளவு முக்கியமான எதற்கும் முன்பாக, கைப்பிடி அகலத்துக்கு மேற்பட்ட ஒரு சதுரம் பின்னி, துவைத்து, உலர்த்தி, பின்பு எண்ணுக.

குரோஷாவில் வட்டம் போடும் முறை, என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. முதற்சுற்றில் 6 கண்ணி, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டு போனால் வட்டம் தட்டையாக வரும் என்று குறிப்புகளெல்லாம் விதிக்கின்றன. ஏன் ஆறு? இவ்வட்டத்துக்குப் போடும் குட்டையான கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஒரு சுற்றுப் போட்டால் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி அளவு வளர்கிறது. ஆரம் ஒன்று வளர்ந்தால் சுற்றளவு இரண்டு பை, அதாவது சுமார் 6.28 வளரவேண்டும் என்பது கேத்திர கணிதம். அந்த 6.28தான் பின்னுகிறவரின் ஆறு. உயரம் இரட்டிப்பான நெட்டைக் கண்ணிகளால் வட்டம் போடுகையில் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டச் சொல்வதும் இதனால்தான். ஆர்க்கிமிடீஸ் வட்டத்துள் பல்கோணங்களை வரைந்து தேடிய எண்ணை, எழுத்தறியாத பாட்டியரும் கொக்கி நுனியில் அறிந்திருந்தார்கள்.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால், சுற்றளவு ஆரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் துணி குழிந்து தொப்பியாகும். மிகுதியாகக் கூட்டினால், இடங்கொள்ளாத ஓரம் மேலும் கீழுமாக அலையலையாக நெளியும். புதியவர்கள் குற்றமென்று பிரித்துவிடும் இந்த நெளிவு, 19ஆம் நூற்றாண்டில் போல்யாயும் லோபசெவ்ஸ்கியும் தனித்தனியே கண்டறிந்த ஹைபர்போலிக் கேத்திர கணிதத்தின் உருவமாகும். அதில் ஒரு புள்ளியின் வழியாக, ஒரு கோட்டைச் சந்திக்காத கோடுகள் எத்தனை வேண்டுமானாலும் செல்லும். காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த அதன் மாதிரிகள் தொட்டாற் கிழிந்துபோவதைக் கண்ட டைனா தைமினா என்னும் லாட்விய நாட்டுக் கணிதப் பேராசிரியை, 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு ஒருமுறை ஒரு கண்ணி கூட்டுவது என்ற ஒரே விதியை விடாது பின்பற்றி, அதனைக் குரோஷாவிலேயே செய்துவிட்டார். அதன்மேல் வேற்று நிற நூலால் கோடுகளைத் தைத்து, மாணவர்கள் மடித்தும் தடவியும் பார்க்கும்படி செய்தது, பாடம் கற்பித்தலில் ஓர் அரிய காரியம். பவளப் பூச்சிகளின் கூடுகளிலும் கோழிக்கொண்டைப் பூவிலும் காணும் நெளிவும் இதே இனத்தது. மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005இல் தொடங்கிய முயற்சியால், பல நாடுகளின் பெண்கள் கூடி, குரோஷாவிலேயே பவளத் திட்டுகளைப் பின்னிக் காட்சிக்கு வைத்தார்கள். ஆகவே ஒரு சுற்று நெளிந்துபோனால் பிரிக்குமுன் ஒரு கணம் அதைக் கையில் வைத்து நோக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முடித்த வேலையை நனைத்து, உரிய வடிவில் விரித்து, ஓரங்களைக் குண்டூசியால் பதித்து உலரவிட்டால், மேடுபள்ளங்கள் அடங்கிக் கண்ணிகள் சீராகும். கம்பளியில் இது நன்கு பலிக்கும். நீர் புகும்போது ரோமத்தின் புரத மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, உலரும்போது புதிய நிலையிலே மறுபடி அமைகின்றன. ஆனால் வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ரோமத்தின்மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி மீளாதபடி சுருங்கிக் கெட்டியாகும். அக்ரிலிக்குக்குச் சூடான இஸ்திரிப்பெட்டி ஆகாது. இழை இளகி, துணி உயிரற்றுத் தொய்ந்துவிடும்.

வேலையின் முடிவில் நூலைச் சாண் அளவு விட்டு வெட்டி, கடைசிக் கண்ணியின் வழியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். தொங்கும் நுனியை மழுங்கிய ஊசியிற் கோத்து, ஒரு திசையில் சில கண்ணிகளுக்குள்ளும் பிறகு எதிர்த்திசையில் சிலவற்றுள்ளும் செலுத்தி மறைக்கவேண்டும். ஒரே திசையில் செலுத்திய நுனி துவைக்கத் துவைக்க வெளியே வந்துவிடும். முதல் உருப்படியாக, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் சதுரத் துணியொன்றைப் பருத்தி நூலில் குரோஷாவாகப் பின்னலாம். அளவு சிறிது மாறினாலும் அதற்குக் கெடுதலில்லை. இரண்டு சதுரங்களை அடுக்கி ஓரம் சேர்த்துத் தைத்தால், கண்ணிகளுக்கிடையே தங்கும் காற்று சூட்டைத் தடுக்கும். இதற்கு அக்ரிலிக் நூலை ஒருபோதும் உபயோகிக்கலாகாது; சூடான பாத்திரத்தில் அது உருகிக் கையில் ஒட்டும். அதற்கடுத்து, ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போய், தலையின் அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, கண்ணிக்கு ஒரு கண்ணியாகக் கீழே இறங்கினால் குழந்தைக்கு ஒரு தொப்பி ஆயிற்று.